பால் காய்ச்சாத எட்டாவது மாடி

அடுப்பா? உன்னுது லாரில அடில மாட்டிகிச்சா? என்கிட்ட கீது. கேஸும் கீது, போன வாரந்தான் சிலிண்டரு மாத்தினேன். ஆனா பால் காய்ச்சணும்னு கேக்கற பாரு, அங்கதான் எனக்கு யோசனையா கீது. மொதல்ல உள்ள வா. வாசப்படில நின்னுகினு இன்னாத்த பேசறது? பால் பாக்கெட்ட அந்த மேடை மேல வெக்காத. கீழ வெய்யி. இன்னும் கொஞ்சம் தள்ளி. ஆங், இப்ப உக்காரு.

பேரு இன்னா சொன்ன? செல்வராணியா? நான் தனகோட்டி. உள்ள கட்டில்ல படுத்துகினு கீறாரே, அவருதான் எங்க வூட்டுக்காரரு, எத்திராஜு. காது நல்லா கேக்கும், பாத்து பேசு. பீரோவ தூக்கினு வராங்களே, அவங்க நாலு பேரும் உன் ஆளுங்களா? வூட்டுக்காரரும் மச்சானுங்களுமா? நல்லா திடகாத்திரமா கீறாங்க. காலைலேருந்து நான் பாத்துகினுதான் கீறேன். லிப்டு ஓடாதுன்னு லாரில ஏத்தறப்ப எவனும் சொல்லல இல்ல? சொல்ல மாட்டான். எங்களுக்கும் சொல்லல. மாசத்துல ரெண்டு நாளு ஓடும், அதுவும் எந்த ரெண்டு நாளுன்னு அதுக்கே தெரியாது.

நல்ல நேரம் ஒம்போதே காலுக்கு மேலதான, இன்னும் நேரம் கீது. அடுப்பு எங்கயும் ஓடிப் போவாது. நான் சொல்றத கேட்டுட்டு அப்பால எடுத்துனு போ.

இந்த வூட்டுல பால் காய்ச்சினது கெடையாது. வர்ற ஆவணி வந்தா மூணு வருஷம். ஒரு சொட்டு காய்ச்சல. இன்னா அப்படி பாக்கற? பைத்தியம்னு நெனைக்கறியா? நெனச்சிக்கோ. இந்த மாடில பதினாறு கதவு கீது, உன் கதவு போக மிச்சம் பதினாலு கதவுலயும் அதத்தான் நெனைக்கறாளுங்க. குடி போற வூட்டுலதாம்மா பால் காய்ச்சணும். நான் எங்க குடி வந்தேன்? என்ன கொண்டாந்து கொட்டினாங்க. காலைல லாரில ஏத்தினான், சாயங்காலம் கொட்டினான். கொட்டின எடத்துல எவளாவது பால் காய்ச்சுவாளா? காய்ச்சினேன்னு வெய்யி, இது என் வூடுன்னு நானே ஒத்துகின மாதிரி ஆயிடும். நான் ஒத்துக்கல. எனக்கு இது லாட்ஜி. இன்னிக்கி கீறோம், நாளைக்கி போயிடுவோம்.

டீயா? வெறும் டீதான். தேயிலைய போட்டு, சக்கரை போடாம. அவருக்கு சுகரு கீது, அதுக்கும் இதுக்கும் சரியா போச்சு. மொதல்லல்லாம் பால் டீதான் குடிப்பாரு, ஆடை மேல மெதக்கணும் அவருக்கு. இப்ப வெறும் டீ பழகிப் போச்சு. ஒரு நாளும் வாயத் தொறந்து பாலு வேணும்னு கேட்டதில்ல. அதுதான் புடிச்சிருக்கும் போல.

நீ எங்கேருந்து வர? கால்வா ஓரமா? அப்ப உனக்கு சொன்னா புரியும். எங்க எடம் மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால, ஆத்தோரம். சேட்டுத் தோட்டம்னு பேரு. தோட்டமும் கெடையாது, சேட்டும் கெடையாது, பேரு மட்டும் எங்க மாமனாரு காலத்துலேருந்து கீது. நான் மீன் ஆயறவ. நீ மீன் வாங்கினு வருவல்ல, வாசல்ல அருவாமனை போட்டுகினு உக்காந்துகினு இருப்பாங்களே, அதுல நான் மொத ஆளு. வஞ்சிரம் துண்டு போடறது எவளும் போடுவா. கடம்பா கீதே, கணவா மீனு, அத கிழியாம தோல் உரிக்கறதுக்கு என்கிட்டதான் வரணும். எங்க வூட்டுக்காரரு மீன்பாடி வண்டி ஓட்டினாரு. பாதி ஊரு ஐஸ் பொட்டி அவரு வண்டிலதான் போச்சு. வூட்டுலேருந்து மார்க்கெட்டுக்கு எத்தினி தூரம்ன்ற? அடுப்புல ஒலைய வெச்சிட்டு போயி ஒரு கூடை ஆஞ்சு குடுத்துட்டு வந்து அரிசி போடுவேன். அம்மாம் தூரம்தான்.

இப்ப ரெண்டு பஸ்ஸு. மொத பஸ்ஸு புடிச்சாலும் நான் போய் சேர்றப்ப பெரிய மீனெல்லாம் போயிடும். என் எடத்துல வேற ஒருத்தி மனை போட்டுகினா. அவளயும் நான் வுடல. ஞாயித்துக் கெழமை, பொதங்கெழமை ரெண்டு நாளு நான் போயி அவ பக்கத்துலயே மனை போட்டு குந்துவேன். "இன்னாக்கா, அவ்ளோ தூரத்துலேருந்து வரியே"ன்றா. நான் தூரத்துலேருந்து வரேனா? நான் இந்த ஊருடி, நீதான் நேத்து வந்தவன்னேன். அவ பாவம், அவளும் எங்கேருந்தோ தொரத்தி வுட்டு வந்தவதான். இருந்தாலும் சொன்னேன்.

மார்க்கெட்டுக்கு போனா எங்க எடத்த பாக்காம வர மாட்டேன். இப்ப அங்க இன்னா கீது தெரியுமா? பெரிய பில்டிங்கு. பன்னண்டு மாடி, ஆனா அவங்களுக்கு லிப்டு ஓடுது. ஆத்தப் பாத்தாப்ல பால்கனி. நாங்க இருந்தப்ப அந்த ஆறு கலீஜு, நோய் வரும், ஆபத்து, வெள்ளம் வந்தா அடிச்சினு போயிடும்னு மைக்கு வெச்சி சொன்னாங்க. நாங்க போனப்பறம் அதே ஆறு, அதே நாத்தம், அவங்களுக்கு மட்டும் அழகா கீதாம். வெள்ளம் இன்னா, ஆளு பாத்தா வரும்? எனக்கு வயிறு எரியுதும்மா. எரியலன்னு சொன்னா பொய்யி.

வாச்சுமேன் ஒருத்தன் கீறான் கேட்டுல. "இங்க நிக்காத ஆயா"ன்றான். நான் ஆயாவாம். ஏன்டா, இப்ப நீ சேரு போட்டு குந்தினு கீறியே, அங்க இன்னா இருந்துச்சு தெரியுமா, என் அடுப்பு இருந்துச்சு, முப்பத்தோரு வருஷம் அங்க நான் சோறாக்கினேன், உன் சேரத் தூக்கினு தள்ளிப் போடா அப்பால என்ன போ சொல்லுன்னேன். அவன் நெஜமாவே எழுந்து நின்னுட்டான். வடக்கத்திப் பையன், பாதிதான் புரிஞ்சிருக்கும். ஆனா எழுந்து நின்னான். நான் கொஞ்ச நேரம் அதுல குந்திட்டு வந்தேன்.

இரு, அவசரப்படாத. ஒம்போதுகூட ஆவல.

கீழ, தரை மாடில, பேபின்னு ஒருத்தி கீறா. லாரிலேருந்து எறங்கறப்ப பாத்திருப்ப. வாசல்ல பந்தல் போட்டு வாழ மரம் கட்டிகீது பாரு, அந்த வூடு. அவ யாருன்னு நெனச்ச? என் நாத்தனா. எங்க வூட்டுக்காரரோட கூடப் பொறந்த தங்கச்சி. மூணு வருஷமா நான் அவகிட்ட பேசறதில்ல. தண்ணி புடிக்கப் போறப்ப நேருக்கு நேரா வந்தாலும் கொடத்த இந்த இடுப்புலேருந்து அந்த இடுப்புக்கு மாத்தினு போயிடுவேன். அவ ஆடி மாசத்துல குடி வந்தவ. புரியுதா? ஆடி மாசத்துல!

சொல்றேன் கேளு. அந்த வருஷம் ஆடி மூணாந்தேதி ஆபீசருங்க வந்தாங்க. டேபிளு, சேரு, டோக்கன், எல்லாம். வந்து கையெழுத்து போட்டுட்டு சாவிய வாங்கிக்கோ, ஒரு வாரத்துல காலி பண்ணுன்னாங்க. எங்க தெரு ஆளுங்க அப்படியே நிக்கறாங்க. அறுவத்தி நாலு குடும்பம். ஆம்பளைங்கல்லாம் தலைய சொறியறானுங்க. நான்தான் போனேன். கைல மீன் செதிலு, அப்படியே போனேன். சாரே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், உங்கம்மா ஆடி மாசத்துல குடி போவாங்களா? உங்க வூட்டம்மா போவாங்களா? அவங்க ஆடில பால் காய்ச்சினா நாங்களும் காய்ச்சறோம்னேன்.

அந்தாளு மூஞ்சிய பாக்கணுமே! நெத்தில விபூதி வெச்சிகினு வந்திருக்காரு. பேனாவ மூடிட்டாரு. மேல இருக்கறவங்களுக்கு போன் பண்ணாரு, அவங்க அவங்களுக்கும் மேல இருக்கறவங்களுக்கு பண்ணாங்க. கடைசில ஆவணி ஒண்ணாந்தேதி வரைக்கும் டைம் குடுத்துட்டாங்க. ஒரு மாசம்! கோர்ட்டுக்கு போனவனுக்கு ஒரு வாரம் கெடைக்கல, கொடி புடிச்சினு வந்தவங்களுக்கு ஒரு நாளு கெடைக்கல. நான் ஒருத்தி, மீன் ஆயறவ, ஒரு வார்த்தைல ஒரு மாசம் நிறுத்தினேன். யாருனா செஞ்சிருக்காளா சொல்லு.

அந்த வருஷம் அம்மனுக்கு கூழ் ஊத்தினோம் பாரு, அந்த மாதிரி எப்பவும் ஊத்தினதில்ல. பம்பை, உடுக்கை, கரகம். எனக்கு மால போட்டாங்க. தனகோட்டிதான் நம்ம தலைவின்னாங்க. டோக்கன் வாங்க டேபிளாண்ட போனவள எல்லாம் நான் கையப் புடிச்சி இட்டுனு வந்துட்டேன். யாரும் போவக் கூடாது, ஆடில ஒருத்தியும் அந்தப் பேப்பர தொடக் கூடாது, ஒத்துமையா இருந்தா ஆவணிலயும் எதனா சொல்லி நிறுத்திடலாம்னு சொன்னேன். எல்லாம் கேட்டாங்க. பேபி கேக்கல. அவளும் அவ கூட ஒரு பத்து வூடும் ஆடி எட்டாந்தேதி லாரி ஏறிப் போயிட்டாங்க. கூழு ஊத்தறதுக்கு முன்னால! அவ போறப்ப நான் தெருவுல நின்னு மண்ணத் தூத்தினேன். ஆமா, தூத்தினேன். இப்பவும் அதுக்கு வருத்தப்படல.

அப்பால ஆவணி ஒண்ணாந்தேதி விடியறதுக்குள்ள லாரி வந்துச்சு, மண்ணு அள்ற மிஷினு வந்துச்சு. எதனா சொல்லி நிறுத்தலாம்னு நெனச்சிகினு இருந்தேன், ஆனா எவன்கிட்ட சொல்றது, மிஷினுக்கு காது கேக்குமா? இங்க வந்து எறங்கினா, கீழ் வூடெல்லாம் போயிடிச்சாம். ஆடில வந்தவங்களுக்கு கீழ, ஆவணில வந்தவங்களுக்கு ஆறு, ஏழு, எட்டு. எங்க தெருவுல பாக்கி இருந்த ஐம்பத்திச் சொச்சம் குடும்பமும் மேலதான் கெடக்குது. யாரால? அந்தப் பேபியால, அவ கூடப் போனவளுங்களால. அவளுங்க முந்திகினு போயி கீழ புடிச்சிகினதாலதான நாங்க மேல? இத்த சொன்னா எங்க ஆளுங்களுக்கு புரியமாட்டுது. இந்த மாடில எங்க தெருக்காரங்கதான் முக்காவாசி, ஒருத்தரும் எங்கிட்ட மொகம் குடுத்து பேசறதில்ல. தலைவியா இருந்தேன்ல, அந்தப் பொறாமை. வேற இன்னா இருக்கப் போவுது?

எங்க வூட்டுக்காரரா? அவருக்கு அங்க இருக்கறப்பவே கால்ல புண்ணு. இங்க வந்து முத்திப் போச்சு. ரெண்டு வெரல எடுத்துட்டாங்க. வண்டி ஓட்டின காலு, எட்டு மாடி எறங்கறதுன்னா இன்னா வெளயாட்டா? அவரு கீழ எறங்கி ஏழு மாசம் ஆச்சு. ஏழு மாசம் முன்னால ஆஸ்பத்திரிக்கு போறதுக்கு லிப்டு ஓடிச்சு, போனாரு. திரும்பி வர்றப்ப ஓடல. மூணு மணி நேரம் ஆச்சு மேல ஏற. அதோட சரி. இப்ப ஜன்னலாண்ட குந்தினு எதிர் பிளாக்க பாப்பாரு. எதிர் பிளாக்குல ஒரு ஆளு ஜன்னலாண்ட குந்தினு இவர பாப்பாரு. ரெண்டு பேரும் கை காட்டிப்பாங்க.

சரி, இப்ப விஷயத்துக்கு வரேன். நீ நெளியாத, சொல்றேன்.

இன்னிக்கி கீழ பேபி வூட்டுல நலங்கு. அவ பொண்ணு ஷர்மிளாவுக்கு ஞாயித்துக்கெழமை கல்யாணம். அந்தப் பொண்ணு பேபிக்கு பொறந்துச்சுன்னுதான் பேரு, வளந்ததெல்லாம் என் மடில. எங்களுக்கு புள்ள இல்லம்மா. அது மொத மொத சோறு துன்னது என் கையால, பள்ளிக்கோடத்துக்கு போனது அவங்க மாமன் மீன்பாடி வண்டில. மீன் வாசனை வருதுன்னு கூடப் படிக்கற புள்ளைங்க சொல்லிச்சாம், அது, "எங்க மாமா வண்டி, அப்படித்தான் வரும்"னு சொல்லிட்டு வந்துச்சாம். இப்ப கிளினிக்குல வேல செய்யுது. நானும் பேபியும் பேசலன்னாலும் அது பாட்டுக்கு தெனம் எட்டு மாடி ஏறி வந்து மாமன் கால்ல கட்டு மாத்திட்டு போவும். கல்யாணம் ஆயி அது செங்குன்றம் பக்கம் போயிடும். அப்பால யாரு கட்டு மாத்துவான்னு நான் இன்னும் நெனைக்கல.

நேத்து வந்து மாமன் கால புடிச்சிகினு சொல்லிட்டு போச்சு. "மாமா, மொத நலங்கு நீதான் வெக்கணும். நீ வரலன்னா நான் மணையில குந்த மாட்டேன்"னுச்சு. தாய்மாமன்தான மொதல்ல மஞ்சள தொடணும், அது எங்க வழக்கம். மாமன் இல்லாம வேற எவன் தொட்டாலும் சபையில கேப்பாங்க. அவரு, "படி கீதேம்மா"ன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு. அது அழுதுகினே போச்சு.

நீ கேப்ப, எங்க தெருக்காரங்கள கூப்புட்டு தூக்க சொல்லலாமேன்னு. நானா? அவங்க வாசல்ல போயி, அய்யா கொஞ்சம் புடிங்கன்னு நானா? செத்தாலும் கேக்க மாட்டேன். என் பேச்சக் கேட்டுத்தான் எல்லாரும் இங்க வந்து மாட்டினாங்கன்னு எவளாவது ஒருத்தி வாயத் தொறப்பா, நான் சும்மா இருப்பேனா, நலங்கு அன்னிக்கி சண்டையாப் போயிடும்.

ஆனா நீ புதுசு. உனக்கும் எனக்கும் ஒரு பழசும் இல்ல.

அதோ கீது பாரு, மரச் சேரு. அவரு அப்பா வாங்கினது, இரும்பு மாதிரி இருக்கும். உன் ஆளுங்க நாலு பேரும் மேல வர்றப்ப பீரோவ தூக்கினு வராங்க. கீழ போறப்ப வெறுங்கையோடதான போறாங்க? நான் கெஞ்சல, கேட்டுக்கோ. உனக்கு அடுப்பு வேணும், எனக்கு ஆளு வேணும். அடுப்பயும் சிலிண்டரையும் தூக்கினு போயி உன் வூட்டுல வெச்சி நீ காய்ச்சிக்கோ. உன் வூடு, உன் பாலு, உன் இஷ்டம். நான் இன்னா உனக்கு மாமியாரா? ஆனா என் வாசப்படிக்கு இந்தப் பக்கம் அது பொங்கக் கூடாது. அவ்ளோதான் என் கண்டிஷனு.

என்ன, சரியா? கூப்புடு அவங்கள. தோ, ஏங்க, எழுந்து குந்துங்க. சட்டைய எடுத்து வெச்சிகீறேன், வேட்டியும் வெச்சிகீறேன். எப்ப வெச்சேனா? நேத்தே வெச்சேன். பேசாம கட்டுங்க.

பொங்கிச்சா? கெழக்கால பொங்கிச்சா? காய்ச்சிட்டு அதுக்குள்ள வந்துட்டியே. நல்லதும்மா, நல்லா இரு. நான் ஒண்ணும் வயித்தெரிச்சல்ல சொல்லல, நெஜமாத்தான் சொல்றேன். டம்ளர்ல இன்னா? அவருக்கா? குடு, குடு. உன் வூட்டுப் பாலுதான, அவரு குடிச்சா எனக்கு ஒண்ணும் இல்ல. பாரு, எப்படி குடிக்கறாருன்னு. ஏங்க, மெதுவா. யாரும் புடுங்கினு போவ மாட்டாங்க.

ஆங், இப்ப தூக்கு. மின்னாடி கால ரெண்டு பேரும் ஒசத்தி புடிங்க, பின்னாடி ரெண்டு பேரும் தணிச்சி. படி திரும்பற எடத்துல இடிக்கும், அங்க நிறுத்தி நிறுத்தி போங்க. கட்டு போட்ட கால் பத்திரம். நான் மின்னாடி போறேன். செல்வராணி, நீ என் கூட வா.

ஏய், வழி வுடுங்க! ஏழாவது மாடி, சைக்கிள எடுங்க! இது நடக்கற வழியா, உங்க வூட்டு கொடவுனா? எடு! தாய்மாமன் வராரு. நலங்குக்கு தாய்மாமன் வராரு, ஒதுங்கு!

அவரு இன்னாமோ சொல்றாரு, இன்னான்றாரு? "கத்தாத தனம்"ன்றாரா? கத்தாம எப்படி வழி வுடுவானுங்க?

ஆறு. மூச்சு வாங்குதா? எறக்கி வெச்சி நில்லுங்க கொஞ்சம். தண்ணி குடிக்கறீங்களா? இந்த மாடில கேக்க மாட்டேன். கீழ போயி வாங்கித் தரேன்.

அதோ அந்தக் கதவத் தொறந்துகினு பாக்கறானே, அவன் வேம்புலி. எங்க தெரு. எங்க வூட்டுக்கு எதுத்த வூடு. அவங்கம்மா இங்க வந்து ஆறாவது மாசம் போச்சு. ஒடம்ப கீழ எறக்கறதுக்கு கயிறு கட்டினாங்க. அன்னியிலேருந்து அவன் எங்கிட்ட பேசறதில்ல. நான் அழுதுகினுதான் போயி நின்னேன், என் மூஞ்சியப் பாக்காம திரும்பிகினான். இன்னாத்துக்கு வரான் இப்ப? இன்னாடா? ...பாரு, பேசாம வந்து பின்னாடி ஒரு பக்கம் புடிச்சிகினான். யாரும் அவன கூப்புடல. நான் கூப்புடல, நீ பாத்துகினுதான இருந்த. எதுவும் பேசாத. புடிக்கட்டும்.

நாலு. மூணு. ஏங்க, அழாதீங்க. அழலியா? சரி, வேர்வைதான்.

தோ வெளிச்சம். தரை. எறக்கு, எறக்கு, மெதுவா. ஏழு மாசம் ஆச்சு, மண்ணுல கால வெச்சி. பந்தலுக்குள்ள இட்டுனு போங்க. நான் இங்கயே நிக்கறேன். பேபி வூட்டு படிய நான் மிதிக்க மாட்டேன்னு மூணு வருஷம் முன்னாலயே சொல்லிட்டேன், சொன்னா சொன்னதுதான்.

பாத்தியா பேபிய? ஓடி வந்து எப்படி கட்டிகினா பாரு. அதே பில்டிங்குல கீறா, அண்ணன பாத்து ஏழு மாசம். அவளுக்கு முட்டி தேஞ்சி போச்சு, அவளால ஏற முடியாது. அவரால எறங்க முடியாது. நடுவுல நான்தான் ஏறினு எறங்கினு கீறேன், நான்தான் பேசறதில்ல.

இன்னா, ஷர்மி கூப்புடுதா? அத்த வந்தாத்தான் மாமன் மஞ்சள தொடுவாராமா? ஜோடியாத்தான் வெக்கணுமா? யாரு சொன்னது? ...சரி, வரேன்னு சொல்லு. ஒரு நிமிஷம்னு சொல்லு.

அந்தாளா? பக்கத்துக் கதவாண்ட வெயில்ல கால நீட்டிகினு பேப்பரு படிக்கறாரே, அவரா? பேரு தெரியாது. வேற எங்கேருந்தோ வந்தவரு. அவரும் காலு முடியாதவருதான், பாத்தா தெரியுது.

செல்வராணி, ஒண்ணு சொல்றேன், மேல போயி யார்கிட்டயும் சொல்லாத. அந்தக் கதவு எங்களுது. எங்களுக்கு எழுதினது. ஆடி மாசம் பேபி போயி அந்த ஆபீசரு கால்ல வுழுந்து, எங்க அண்ணனுக்கு காலு முடியாது, எங்க வூட்டுக்கு பக்கத்துலயே கீழ குடுங்கன்னு கேட்டு, என் பேர்ல எழுதி வாங்கினு வந்தா. நான் கையெழுத்து போட்டா போதும். மூணு வாட்டி வந்தா பேப்பர எடுத்துனு. மார்க்கெட்டுக்கே வந்தா. "அண்ணி, கையெழுத்து மட்டும் போடு, சாமான ஆவணில எடுத்துனு போலாம், கையெழுத்து போடறது குடி போறது ஆவாது"ன்னு சொன்னா. நான் இன்னா பண்ணேன் தெரியுமா? அந்தப் பேப்பர வாங்கி மீன் கழுவற தண்ணில போட்டேன். நாலு பேரு மின்னாடி போட்டேன். தலைவின்றாங்க எல்லாம், நானே போயி கையெழுத்து போட முடியுமா? ஆடி மாசம்மா அது. ஆடில எவளாவது போடுவாளா, நீயே சொல்லு.

அவருக்குத் தெரியும். அன்னிக்கி அவரு அங்கதான் வண்டி மேல குந்தினு இருந்தாரு, பாத்தாரு. எட்டு மாடி ஏறினாரு, வெரல எடுத்தாங்க, ஜன்னலாண்டயே கெடந்தாரு, வெறும் டீய குடிச்சாரு. ஏன் தனம் கையெழுத்து போடலன்னு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கேட்டிருந்தார்னு வெய்யி, நான் சண்ட போட்டிருப்பேன். போட்டு செயிச்சிருப்பேன். கேக்கவே இல்லியேம்மா அவரு.